முப்பத்திரண்டு ரூபாயில் ஒரு நாள்

தவக்காலம் வந்தால் நம் வீடுகளில் ஒருசந்தி இருப்பதும், வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம் கடைப்பிடிப்பதும், மிச்சமாகும் காசை உண்டியலில் இடுவதும் வழக்கம். இவ்வாண்டு தவக்காலத்தில் எங்கள் வகுப்பு மாணவியர் எட்டுப் பேர், வகுப்பாசிரியைச் சகோதரியின் அனுமதி பெற்று, வேறொரு முயற்சியில் இறங்கினோம். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாட்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு 32 ரூபாய்க்குள் உண்ண வேண்டும். மிச்சப்படும் பணத்தை ஏழைகளின் உணவுக்கு அளிக்க வேண்டும். இதுவே எங்கள் திட்டம். அந்த ஐந்து நாட்களில் நாங்கள் கற்றதை அன்புத் தோழியருக்கும் பெற்றோருக்கும் இங்கே எழுதுகிறேன்.

32 ரூபாய் என்பது ஏன்?

2011 செப்டம்பரில், அப்போது இருந்த மத்திய திட்டக் குழு உச்ச நீதிமன்றத்தில் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. நகரத்தில் நாளொன்றுக்கு 32 ரூபாயும், கிராமத்தில் 26 ரூபாயும் செலவு செய்ய முடிந்தவர் வறுமைக் கோட்டுக்கு மேலே இருப்பவர் என்பது அதன் சாரம். உணவு மட்டுமன்றி, மற்றச் செலவுகளும் அந்தத் தொகைக்குள் அடங்கும். நாடெங்கும் இதைப் பற்றிப் பெரும் விவாதம் எழுந்தது.

அப்போது பெங்களூரில் வேலை பார்த்துவந்த துஷார் வசிஷ்ட், மாத்யூ செரியன் என்னும் இரண்டு இளைஞர்கள் விவாதித்துக் கொண்டிருக்காமல் தாங்களே வாழ்ந்து பார்த்தார்கள். இருவரும் அமெரிக்காவில் உயர்கல்வி கற்றவர்கள். முதலில் நாளுக்கு 100 ரூபாயில் வாழ்ந்தார்கள். பிறகு கேரளத்தில் கறுகச்சால் என்னும் சிற்றூருக்குச் சென்று 26 ரூபாயில் வாழ்ந்தார்கள். அங்கே அவர்களுடைய உணவு புழுங்கல் அரிசிச் சோறும், கிழங்கும், வாழைப்பழமும், பால் இல்லாத தேநீருமே. நாள் முழுவதும் சாப்பாட்டைப் பற்றிய நினைவு தங்களை விட்டு நீங்கவில்லை என்று அவர்கள் தெரிவித்தார்கள்.

உண்பதைக் குறைத்து ஈவது திருச்சபைக்குப் புதியதன்று. 1975-இல் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து அலன்டவுன் நகரில், தவக்காலத்தில் எளிய உணவு உண்டு, மிச்சத்தை ஒரு கிண்ணத்தில் சேர்க்கும் ‘அரிசிக் கிண்ணம்’ இயக்கம் தொடங்கியது. நம் நாட்டில் 1962-இல் நிறுவப்பட்ட காரித்தாஸ் இந்தியாவும் தவக்காலத்தில் பசிப்பிணிக்கு எதிராக நிதி திரட்டி வருகிறது.

எங்கள் கணக்கு

எல்லாப் பொருள்களையும் கடை விலைக்கே வாங்க வேண்டும் என்று விதி செய்து கொண்டோம். ரேஷன் அரிசியைச் சேர்க்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது, “அது எங்கள் வீட்டில் கோழிக்குத்தான் போகும்” என்று நான் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். ஆகவே ரேஷன் அரிசி விலக்கப்பட்டது. இந்த இடத்தை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

எங்கள் வீட்டருகே உள்ள மளிகைக் கடை விலைப்படி என் முதல் நாள் கணக்கு வருமாறு:

அரிசி 350 கிராம் – ரூ. 17.50
கொள்ளு 50 கிராம் – ரூ. 4.00
வெங்காயம், தக்காளி 100 கிராம் – ரூ. 3.50
பால் 50 மில்லி – ரூ. 2.50
எண்ணெய் 15 மில்லி – ரூ. 2.40
உப்பு, புளி, மிளகாய் – ரூ. 2.00
ஆக மொத்தம் – ரூ. 31.90

பத்துப் பைசா மிச்சம்! வெற்றி பெற்றோம் என்று திங்களன்று மகிழ்ந்தேன். கொள்ளு ரசமும் சோறும் வயிற்றை நன்றாகவே நிறைத்தன. ஆனால் நிறைந்தது வயிறு மட்டுமே என்பது பிறகுதான் விளங்கியது.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2,000 கலோரிக்கான ஒரு நாள் உணவுத் தட்டு எப்படி இருக்க வேண்டும் என்று வகுத்துள்ளது. தானியம் 250 கிராம், பருப்பு முதலியன 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லி, கொட்டைப் பருப்புகள் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். இதனோடு என் தட்டை ஒப்பிட்டேன். சோறு மட்டுமே வேண்டிய அளவுக்கு மேல் இருந்தது. மற்ற எதுவும் பாதி அளவை ஒட்டியோ, அதற்கும் கீழோதான் இருந்தது. பழம் அறவே இல்லை. எல்லாம் சேர்த்துக் கூட்டினால் சுமார் 1,580 கலோரிதான்.

தாது வருஷத்து ஒரு பவுண்டு

இந்த எண்ணை என் அம்மாயியிடம் சொன்னபோது, “தாது வருசப் பஞ்சத்துல ஒரு படி தானியத்துக்கு ஊரே அலைஞ்சுதுன்னு எங்க அம்மாயி சொல்லக் கேட்டிருக்கேன் கண்ணு” என்றார். அதனால் அந்தப் பஞ்சத்தைப் பற்றிப் படித்தேன்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய அப்பஞ்சத்தில் சேலம், கோயம்புத்தூர் மாவட்டங்கள் மிகவும் துன்புற்றன. நம் சென்னிமலை அக்காலத்தில் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1877-இல் வைஸ்ராயின் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், அரசாங்கத்தின் செலவைக் குறைக்க விரும்பினார். நிவாரண வேலை செய்பவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் மேற்செலவுக்குச் சிறு காசுமே போதும் என்று கூலியைக் குறைத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் அதைக் கடுமையாக எதிர்த்தார். மண் சுமந்து பாடுபடும் உடலுக்கு அது போதாது, ஒன்றரைப் பவுண்டு தானியமும் அதனோடு பருப்பும் வேண்டும் என்று அவர் வாதாடினார். அந்த ஆண்டிலேயே கூலி உயர்த்தப்பட்டது. ஆயினும் அதற்குள் எத்தனையோ உடல்கள் மெலிந்து விட்டன.

ஒரு பவுண்டு என்பது சுமார் 454 கிராம். அத்தனை அரிசியில் ஏறத்தாழ 1,590 கலோரி உண்டு. என் கணக்கோ 1,580! இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தபோது என் கை நின்று விட்டது. மருத்துவர் ஒருவர் போதாது என்று போராடிய அளவும், நான் வெற்றி என்று மகிழ்ந்த அளவும் ஏறக்குறைய ஒன்றே. நான் வகுப்பில் உட்கார்ந்து படிப்பவள். நம் ஊரில் குழித்தறியில் காலை முதல் மாலை வரை மிதிப்பலகையை மிதித்துப் போர்வை நெய்பவருக்கு அது எப்படிப் போதும்?

புதன்கிழமை

மூன்றாம் நாள் மதியம் கணக்குத் தேர்வு. எளிய கூட்டலையே இருமுறை தவறாகப் போட்டேன். தேர்வு முடிந்ததும் பக்கத்து வகுப்புத் தோழி நீட்டிய முறுக்கில் இரண்டை வாங்கித் தின்று விட்டேன். மாலையில் அனைவரும் கூடியபோது அதை மறைக்காமல் சொன்னேன். சகோதரி கோபிக்கவில்லை. “முறுக்கு நீட்ட ஒரு கை உனக்கு இருந்தது. அதையும் கணக்கில் எழுது” என்றார்.

அப்போது, இரண்டு நாட்களாக அதிகம் பேசாதிருந்த ஒரு தோழி எழுந்தாள். அவள் தந்தை தறி நெய்பவர். “எங்கள் வீட்டில் தினமும் ரேஷன் அரிசிதான் சோறு. இந்த மூன்று நாட்களும் கடை அரிசி வாங்கியதால்தான் எனக்குப் பருப்புக்கும் பாலுக்கும் காசு இல்லாமல் போயிற்று. ரேஷன் அரிசியை வைத்து ஒரு நாள் கணக்குப் போட்டுப் பாருங்கள்” என்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. எனினும் கோழியைப் பற்றி நான் சொன்ன சொல் அவளை எப்படித் தைத்திருக்கும் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

வியாழக்கிழமைக் கணக்கு

மறுநாள் எல்லாரும் ரேஷன் அரிசியையே சமைத்தோம். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆகவே அரிசிக்குச் செலவான ரூ. 17.50 எங்கள் கையில் நின்றது. அதில் வாங்கியவை:

முட்டை ஒன்று – ரூ. 6.00
பால் மேலும் 100 மில்லி – ரூ. 5.00
நிலக்கடலை 30 கிராம் – ரூ. 3.60
கீரை – ரூ. 2.00
ரேஷன் துவரம் பருப்பு 30 கிராம் – ரூ. 0.90
ஆக மொத்தம் – ரூ. 17.50

அதே 32 ரூபாயில் உணவு 2,000 கலோரியை எட்டியது. பருப்பும் பயறும் 50 கிராமிலிருந்து 80 கிராமாக உயர்ந்தன. அரிசியை இருமுறை களைந்து, அரைமணி ஊற வைத்து வடித்தால் மணமும் குறையில்லை என்பதை அத்தோழியின் தாயாரிடமே கேட்டுத் தெரிந்து கொண்டோம். வெள்ளி சுத்தபோசன நாள் ஆதலால், முட்டையை விட்டு அந்தக் காசுக்குப் பச்சைப் பயறு சுண்டல் செய்தோம்.

இதிலிருந்து நான் அறிந்தது யாதெனில், கையில் உள்ள காசு மட்டும் ஒருவரின் பசியை அளக்கும் கோல் அன்று. அந்தக் காசுக்குப் பின்னால் எது துணை நிற்கிறது என்பதே முக்கியம். 1956-இல் காமராசர் ஆட்சியில் பரவலாக்கப்பட்ட பள்ளி மதிய உணவு, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, 2022 செப்டம்பரில் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்த காலை உணவுத் திட்டம் ஆகியவையும் அத்தகைய துணைகளே. அவற்றை இழிவாகப் பேசுவது, அவற்றை உண்டு படிப்பவரை இழிவாகப் பேசுவதாகும்.

முடிவுரை

ஐந்து நாட்களில் நாங்கள் ஏழ்மையை அறிந்து கொண்டோம் என்று சொல்ல மாட்டேன். சனிக்கிழமை காலையில் தோசை உண்டு என்று எங்களுக்குத் தெரியும். அது தெரிந்திருப்பதே பாதிப் பசியைத் தீர்த்து விடுகிறது. நாங்கள் எரித்த எரிவாயுவும் எங்கள் கணக்கில் இல்லை.

மிச்சப்பட்ட பணத்தை யார் எவ்வளவு என்று எழுதாமல் ஒரு தகர உண்டியலில் இட்டோம். எண்ணியபோது 1,740 ரூபாய் இருந்தது. அதைப் பங்கின் தவக்கால நிதியில் சேர்த்தோம்.

உண்டியலை மூடும் முன் நான் அத்தோழியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டு, “முதலில் கோழியிடம் கேள்” என்றாள். இப்போது எங்கள் வீட்டில் வாரத்தில் இரண்டு நாள் ரேஷன் அரிசிச் சோறு. கோழிக்கு நொய் வாங்கிப் போடுகிறோம்.

ஒருவருக்கு எவ்வளவு போதும் என்று அளந்து சொல்பவர், அதே அளவை ஐந்து நாட்களேனும் உண்டு பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். ஒருவரின் உணவைப் பற்றிச் சிரிப்பவரும் அவ்வாறே. இது நான் பிறருக்குச் சொல்லும் அறிவுரை அன்று. எனக்கு நானே எழுதிக் கொண்டது.

– பத்தாம் வகுப்பு மாணவி