மறைத்து வைத்த பாவம்

பாவசங்கீர்த்தனத்துக்கு வராதவர்களைப் பற்றிப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்டிருக்கிறோம். வந்தும் சொல்லாமற் போகிறவர்களைப் பற்றிக் கேட்பது அபூர்வம். வரிசையில் நின்று, முழந்தாளிட்டு, கோபித்துக்கொண்டேன், ஜெபவேளையில் பராக்குக்கு இடங்கொடுத்தேன் என்று சின்னப் பாவங்களையெல்லாம் சொல்லி, பெரியது ஒன்றை மாத்திரம் தொண்டையில் அடக்கிக்கொண்டு எழுந்திருக்கிற ஆத்துமங்கள் உண்டு. அது பதினைந்தாம் வயதில் நடந்ததாயிருக்கலாம். போன மாதம் நடந்ததாயுமிருக்கலாம். இந்தப் பாடம் முக்கியமாய் அவர்களுக்காகவே.

வேதாகமத்தில் இதற்கு ஒத்த சரித்திரம் தாவீது இராஜாவுடையது. அதைச் சாமுவேல் இரண்டாம் ஆகமம் 11, 12-ம் அதிகாரங்களில் காணலாம். படை அம்மோனியரோடு யுத்தம் பண்ணிக்கொண்டிருக்க, இராஜா எருசலேமில் தங்கியிருந்தான். ஒரு சாயந்தரம் அரண்மனை மேல்மாடியில் உலாவுகையில் பெத்சபே என்பவளைக் கண்டான். அவள் உரியாஸ் என்னும் போர்வீரனின் மனைவி என்று விசாரித்து அறிந்தும் அவளை அழைப்பித்துப் பாவத்தில் விழுந்தான். சில காலத்துக்குள் அவள் கர்ப்பவதியானாள் என்று செய்தி வந்தது. அப்போதாவது சர்வேசுரனிடம் போனானா? இல்லை, மறைக்க வழி தேடினான்.

யுத்தச் செய்தி கேட்கிற பாவனையாய் உரியாஸைப் போர்க்களத்திலிருந்து வரவழைத்து, வீட்டுக்குப் போய் இளைப்பாறச் சொன்னான். பிறக்கப்போகும் பிள்ளை அவனுடையதென்று உலகம் எண்ண வேண்டும் என்பதே கருத்து. உரியாஸோ, தன் தோழர்கள் வெட்டவெளியில் படுத்திருக்கத் தான் மாத்திரம் வீட்டில் சுகிப்பது தகாதென்று அரண்மனை வாசலிலே ஊழியரோடு படுத்துக்கொண்டான். பிறகு அவனைக் குடிக்கவைத்துப் பார்த்தான். அப்போதும் அவன் வீட்டுக்குப் போகவில்லை. மறுநாட் காலையில் சேனாபதி யோவாபுக்கு ஒரு கடிதம் எழுதப்பட்டது. சண்டை மும்முரமாயிருக்கும் இடத்தில் உரியாஸை முன்னே நிறுத்தி, மற்றவர்கள் பின்வாங்கிவிட வேண்டும் என்பது அதன் உத்தரவு. அந்தக் கடிதத்தைக் கொண்டுபோனவன் உரியாஸே! அவனோடு வேறு சில வீரரும் மடிந்தார்கள். அவர்களுக்கும் பெத்சபே காரியத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. முதற் பாவத்தைச் செய்வித்தது இச்சை. இந்தக் கொலைகளைச் செய்வித்தது, வெளியே தெரியக்கூடாது என்ற பயம்.

துக்க நாட்கள் முடிந்தபின் தாவீது அவளை மனைவியாக்கிக்கொண்டான், பிள்ளையும் பிறந்தது. ஊர் வாய் அடங்கியிருக்கும் என்று நினைத்திருப்பான். அப்போது நாத்தான் தீர்க்கதரிசி ஒரு வழக்கோடு வந்தார். ஏராளமான ஆடுமாடுள்ள தனவான் ஒருவன், தன் விருந்தாளிக்குச் சமைக்க, ஓர் ஏழை தன் மடியில் வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்துப்போனானாம். கேட்டதும் இராஜாவுக்கு மகா கோபம். அவன் சாகத்தக்கவன், நாலத்தனையாய்த் திரும்பக் கொடுக்க வேண்டுமென்று தீர்ப்புச் சொன்னான். (உள்ளே ஒரு பாவத்தைப் பூட்டி வைத்திருக்கிறவனுக்குப் பிறர் குற்றத்தின்மேல் இப்படித்தான் கோபம் பொங்கும். நம் வீடுகளிலும் இது காணாததல்ல.) அந்த மனிதன் தானே என்று தீர்க்கதரிசி காட்டியபோது, தாவீது பெண்மேலும் பழி போடவில்லை, சேனாபதிமேலும் போடவில்லை. ஆண்டவருக்கு விரோதமாய்ப் பாவஞ் செய்ததாக ஒப்புக்கொண்டான். எபிரேய மூலத்தில் அது இரண்டே வார்த்தை. அந்த நாழிகையிலேயே மன்னிப்பும் அறிவிக்கப்பட்டது. அப்போது பிறந்ததாகப் பாரம்பரியம் சொல்லும் சங்கீதத்தைக் குருக்கள் வெள்ளிக்கிழமைக் காலைதோறும் தங்கள் கட்டளை ஜெபத்தில் இன்றும் சொல்லிவருகிறார்கள்.

இனி நம் காரியம். சாவான பாவங்கள் நினைவுக்கு வந்தவையெல்லாம் வகையும் தொகையுமாய்ச் சொல்லப்பட வேண்டுமென்று திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1551-ம் வருஷத்தில் போதித்தது. அவற்றில் ஒன்றை வேண்டுமென்று மறைத்தால், சொன்ன மற்றப் பாவங்களுக்கும் பொறுத்தல் கிடையாது. அந்த நிலையில் அறிந்தே நன்மை வாங்குவது தேவதுரோகம். ஆனால் மறைத்தல் வேறு, மறதி வேறு. நல்ல மனதோடு ஆத்தும சோதனை செய்தும் ஒன்று நினைவுக்கு வராமற் போனால் அதுவும் மன்னிக்கப்பட்டது. பிறகு நினைவு வரும்போது அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாற் போதும். எத்தனை தரம் என்று திட்டமாய்த் தெரியாவிட்டால் ஏறக்குறையச் சொல்லலாம். இதை அறியாமல் வீணாய்க் கலங்குகிறவர்கள் அநேகர்.

வெட்கத்துக்கு அடுத்தபடி தடையாய் நிற்பது, சுவாமியார் என்ன நினைப்பாரோ, யாரிடம் சொல்வாரோ என்கிற பயம். 1215-ல் கூடிய நாலாம் லாத்தரன் பொதுச்சங்கம், இந்த இரகசியத்தை வெளியிடும் குருவைப் பதவியிலிருந்து நீக்கி, ஆயுள் முழுவதும் மடத்தில் அடைத்துத் தபசு செய்விக்கக் கட்டளையிட்டது. இன்றைய சட்டப்படியும் அதை நேரடியாய் மீறுகிறவர் அந்தக் கணமே திருச்சபைக்குப் புறம்பாகிறார். அந்தத் தண்டனையை நீக்கும் அதிகாரம் பரிசுத்த பாப்பரசரின் ஆசனத்துக்கே உரியது. கேட்ட விஷயத்தை வைத்து உங்களுக்குப் பாதகமாய் ஒரு காரியமும் செய்ய அவருக்கு அனுமதியில்லை. சொந்தப் பங்குச் சுவாமியாரிடம் நா எழாதவர்கள் வேறு குருவிடம் போகலாம். அதில் குறை ஒன்றுமில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பாத்திரத்தை உடைத்ததை ஒத்துக்கொண்ட பிள்ளைக்கு அடியும், மறைத்த பிள்ளைக்குத் தப்புதலும் கிடைக்கிற வீட்டில், பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? தொட்டியில் மறைக்கிற பழக்கம் பெரும்பாலும் அடுப்பங்கரையில் ஆரம்பிக்கிறது.

பொறுத்தல் கிடைத்ததும் எல்லாம் தீர்ந்ததென்றும் எண்ண வேண்டாம். தாவீதுக்கு மன்னிப்புக் கிடைத்தும் பிள்ளை இறந்தது. அவன் வீட்டில் கலகமும் தொடர்ந்தது. திருடினவன் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவன். தன்னைக் காட்டிக்கொள்ளாமல், வேறொருவர் மூலமாய்க் கொடுத்தாலும் போதும். பொய்ப்பழி சுமத்தினவன் அதை மாற்றிச் சொல்ல வேண்டும். இது பணத்தைத் திருப்பிக் கொடுப்பதைவிடக் கஷ்டம். எப்படிச் செய்வதென்று குருவானவரிடமே யோசனை கேட்கலாம்.

பல வருஷமாய் மறைத்தவர்கள், கடைசியாய்ச் செய்த நல்ல பாவசங்கீர்த்தனத்துக்குப் பிற்பட்ட சாவான பாவங்களையெல்லாம் திரும்பச் சொல்ல வேண்டும். இது மலைபோல் தோன்றலாம். உண்மையில் அவ்வளவு கஷ்டமல்ல. “சுவாமி, முன்னே ஒரு பாவத்தை மறைத்துவிட்டேன், சொல்ல நா வரவில்லை, தாங்களே கேளுங்கள்” என்று ஆரம்பித்தாற் போதும். மற்றதை அவர் ஒவ்வொன்றாய் விசாரிப்பார். நீங்கள் ஆம், இல்லை என்று பதில் சொல்லிக்கொண்டே வரலாம்.