கறுப்புப் பொருக்கு... தேடிப் பார்த்தீர்களா?

ஐந்து நாளாகக் காய்ச்சல், மண்டையிடி. 'டைபாய்டா இருக்கும்'னு மாத்திரை சாப்பிட்டும் குறையவில்லையா? அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடிப்பகுதி, இடுப்பு எல்லாம் தேடிப் பாருங்கள். சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா? பெரும்பாலும் அது வலிக்காது, அரிக்காது. அதனால்தான் நோயாளிக்கே தெரிவதில்லை!

'ஸ்க்ரப் டைபஸ்' எனும் உண்ணிக் காய்ச்சலின் அடையாளம் அது. (நாய்மேல் ஊருமே, அந்த உண்ணி அல்ல. புதர்களில் இருக்கும், கண்ணுக்குச் சட்டென்று தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு.) கடித்துப் பத்து நாள் போல ஆன பிறகே காய்ச்சல் வரும். கிருமி சின்னச் சின்ன ரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தாக்குவதால் நீர் கசிகிறது. நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிப்புதான். பென்சிலின் இதற்குப் பலிக்காது. டாக்டர் தரும் டாக்ஸிசைக்ளினுக்குப் பெரும்பாலும் இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கும்.

சிலருக்குப் பொருக்கே இருக்காது. இருந்தால், கூச்சப்பட்டு டாக்டரிடம் காட்டாமல் வந்துவிடாதீர்கள்.