தொப்புள் வளையமும் பாவாடை நாடாவும்

உடம்பில் துளை போடுவதைப் பற்றி விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? மயிலம் முருகன் கோயிலிலோ, மேல்மலையனூர் அங்காளம்மன் சன்னதியிலோ தாய்மாமன் மடியில் உட்கார்ந்து வீறிட்டு அழுத பிள்ளைகள்தானே நாமெல்லாம்! காது, மூக்கு என்று இருந்தது, இப்போது தொப்புளுக்கு வந்திருக்கிறது. காலேஜுக்குப் போகும் பெண் தொப்புளில் வளையம் போட்டுக்கொண்டு வந்து நின்றால் அம்மாக்களுக்குக் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் குத்தியாகிவிட்டது. இனி அதைப் புண்ணாகப் பாருங்கள், தப்பாகப் பார்க்காதீர்கள். திட்டுக்குப் பயந்து மறைத்து வைக்கிற புண்தான் என்னிடம் சீழோடு வருகிறது.

சரி, காது குத்தின அனுபவம் இதற்குப் போதாதா? போதாது. காது மடல் 6 முதல் 8 வாரத்தில் ஆறிவிடும். தொப்புளுக்கு 6 மாதம், சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும். துளைக்குள் புதுத் தோல் இரண்டு வாயிலிருந்தும் உள்நோக்கி, குழாய் மாதிரி வளர்ந்து வந்து நடுவில் சேர வேண்டும். வெளியே பார்த்தால் ஆறின மாதிரி இருக்கும், உள்ளே பச்சைப் புண்ணாகவே இருக்கும். "ஒரு மாசம் ஆச்சே டாக்டர்" என்று வளையத்தை மாற்றுகிறவர்கள் அந்தப் புதுத் தோலைத்தான் கிழிக்கிறார்கள்.

காது சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். வயிறு அப்படியா? உட்கார்ந்தால் மடிகிறது, குனிந்தால் மடிகிறது, வியர்க்கிறது. அதற்கு மேல் பாவாடை நாடா, சுடிதார் நாடா, ஜீன்ஸ் பட்டன் எல்லாம் வந்து அங்கேயே அழுத்துகின்றன. நான் பார்த்த அளவில், ஆறாமல் இழுத்த தொப்புள் புண்களில் பாதிக்கு மருந்தே தேவைப்படவில்லை. நாடாவை இரண்டு விரல் கீழே இறக்கிக் கட்டச் சொன்னேன், அவ்வளவுதான். தளர்ந்த பருத்தித் துணி, மல்லாந்து படுக்கை. குப்புறப் படுக்கவே கூடாது.

கழுவுவது எப்படி? கொதித்து ஆறிய 200 மி.லி. தண்ணீரில் தலைதட்டிய கால் டீஸ்பூன் தூள் உப்பு. மரக்காணம் உப்பளம் பக்கத்தில்தானே என்று கல்லுப்பை அள்ளிப் போட்டுக் கரைக்காதீர்கள். அதிகமானால் எரியும், தோல் வறண்டு வெடிக்கும். மெடிக்கல் ஷாப்பில் சலைன் பாட்டில் கிடைத்தால் இன்னும் நல்லது. கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தினம் இரண்டு வேளை சுத்தமான காஸ் துணியை நனைத்து ஒற்றி எடுங்கள். காய்ந்த பொருக்கு ஊறித் தானாக வர வேண்டும், நகத்தால் பெயர்க்கக் கூடாது. வளையத்தைச் சுழற்றவும் வேண்டாம். பிறகு ஈரம் போக ஒற்றி எடுங்கள். குளம், கிணறு, புதுச்சேரி கடற்கரைக் குளியல் எல்லாம் ஆறின பிறகு.

"மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைச்சுப் போடலாமா?" என்று கேட்காத பாட்டி இல்லை. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், வேண்டாம்! மஞ்சள் நல்ல மருந்துதான். ஆனால் அஞ்சறைப் பெட்டித் தூள் கிருமி நீக்கியது இல்லை. அது எண்ணெயோடு சேர்ந்து துளை வாயை அடைத்துக்கொள்ளும். அழுக்கும் நீரும் வெளியே வர வழி இருக்காது. வேப்பிலை அரைப்பும் அப்படித்தான். மத்தன் தைலத்தைத் தானாக எடுத்துத் தடவவே கூடாது. அதில் ஊமத்தையும் துருசும் சேர்கின்றன, அது வேறு வகைப் புண்ணுக்கான மருந்து.

வெளிறிய நீர் கசிந்து பொருக்குக் கட்டுவது இயல்பு. பச்சை, மஞ்சள் நிறத்தில் சீழ், நாற்றம், தொட்டால் சூடு, சுற்றிலும் பரவும் சிவப்பு, காய்ச்சல் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சீழ் பிடித்தால் வளையத்தை வீட்டில் கழற்றாதீர்கள். திண்டிவனத்துப் பெண் ஒருத்தியின் அம்மா பதறிப்போய் அன்று ராத்திரியே கழற்றிவிட்டார். இரண்டு வாயும் மூடிக்கொண்டது, சீழ் உள்ளே நின்றுவிட்டது. நாலாம் நாள் என்னிடம் வந்தபோது எலுமிச்சை அளவுக் கட்டி. இது கீறி எடுக்க வேண்டியது, சூரணத்தில் கரையாது என்று சொல்லி உடனே அறுவை டாக்டரிடம் அனுப்பினேன். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் திண்டிவனம் அரசு மருத்துவமனையும் எதற்கு இருக்கின்றன? கழற்றுவதா வேண்டாமா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

வளையத்தைச் சுற்றி அரிப்பு, தடிப்பு வந்தால் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். விலை மலிவான கவரிங்கை முதல் துளைக்குப் போடவே கூடாது. டைட்டானியம் நல்லது. வளையம் நாளுக்கு நாள் மேலே ஏறி, அதன் மேல் தோல் மெலிந்துகொண்டே போனால் உடம்பு அதை வெளியே தள்ளுகிறது என்று அர்த்தம். அப்போது பிடிவாதம் பிடிக்காமல் டாக்டரிடம் காட்டிக் கழற்றிவிடுவதே மேல்.

இன்னும் குத்தவில்லை, யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்கிற பெண்ணுக்கு: சர்க்கரை நோய் இருந்தாலோ, வீட்டில் யாருக்காவது தழும்பு மேடாக வளரும் உடம்பு இருந்தாலோ வேண்டாம் அம்மா. கர்ப்பமாக இருந்தால் பிரசவம் முடிந்து பல மாதம் போகட்டும். 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டி.டி. தடுப்பூசி போட்டாயா என்று அம்மாவிடம் கேள். குத்துகிறவர் உன் கண் முன்னால் புது ஊசி உறையைப் பிரிக்கிறாரா பார். பிரிக்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடு.