அலைன்மென்ட் செய்தும் வண்டி இழுக்கிறதே!

கேள்வி: ஒரு பள்ளத்தில் வேகமாக இறங்கிய நாளிலிருந்து என் ஹேட்ச்பேக் இடப்பக்கமாக இழுக்கிறது. இரண்டு கடைகளில் வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டேன். 'எல்லாம் பச்சையில்தான் இருக்கு சார்' என்று கம்ப்யூட்டர் திரையைக் காட்டுகிறார்கள். கோளாறு எங்கே?
– வாசகர், தென்காசி

பதில்: கடைக்காரர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால், அவர்கள் சரிசெய்த கோணம் வேறு, வண்டியை இழுக்கும் கோணம் வேறு. நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் சஸ்பென்ஷன்தான். அதில் டை ராடைத் திருகி டோவை மட்டுமே மாற்ற முடியும். கேம்பரும் கேஸ்டரும் கம்பெனியில் அமைத்தபடியே நிற்கும். மாற்றுவதற்கு வழியே வைத்திருக்க மாட்டார்கள்.

மேலிருந்து பார்க்கும்போது இரு சக்கரங்களின் முன்முனைகளும் உள்ளே திரும்பியிருந்தால் டோ-இன், வெளியே என்றால் டோ-அவுட். வண்டிக்கு எதிரே நின்று பார்க்கும்போது சக்கரத்தின் மேற்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர். பக்கவாட்டில் பார்க்கும்போது, சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ அது பின்னோக்கிச் சாய்ந்திருப்பது கேஸ்டர்.

முன்சக்கர டோ கெட்டால் டயர் தேயும், ஸ்டியரிங் வீல் கோணலாக நிற்கும். வண்டி இழுப்பது அபூர்வம். இழுப்பு வருவது பெரும்பாலும் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசத்தால். கேஸ்டர் எந்தப் பக்கம் குறைவோ, வண்டி அந்தப் பக்கம் போகும். கேம்பரில், எந்தச் சக்கரத்தின் மேற்பகுதி அதிகமாக வெளியே சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் போகும். பள்ளத்தின் விளிம்பு இடது சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளி லோயர் ஆர்மை வளைத்திருந்தாலோ, அதன் புஷ் கிழிந்திருந்தாலோ இடது கேஸ்டர் குறைந்திருக்கும்.

ஆனால் எதையும் கழற்றுவதற்கு முன் வரிசையாகப் பாருங்கள். மழைநீர் வடிவதற்காக நம் தார்ச்சாலைகளுக்கு இரண்டு, இரண்டரை சதவீதம் சரிவு வைக்கிறார்கள். மூன்றரை மீட்டர் அகலத்துக்கு இரண்டரை சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர் இறக்கம். நாம் இடப்புறம் ஓட்டுவதால் நல்ல வண்டியும் கொஞ்சம் இடப்பக்கம்தான் நழுவும். ஆகவே சமதளமான இடத்தில் சோதியுங்கள். அங்கும் இழுத்தால் டயர்களில் காற்றைச் சமப்படுத்திவிட்டு, முன் டயர்களை இடம் மாற்றிப் போடுங்கள் (ஒரே திசையில் மட்டும் சுழல வேண்டிய டயர் என்றால் இது கூடாது). இழுப்பு வலப்பக்கம் மாறினால் குற்றவாளி டயர். ஓட்டி நிறுத்தியதும் ஒரு பக்க ரிம் மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இவை எதுவும் இல்லையென்றால் அலைன்மென்ட் தாளை அச்சிட்டு வாங்குங்கள். பச்சை நிறத்தை விட்டுவிட்டு, இரு பக்க கேஸ்டர், கேம்பர் எண்களை ஒப்பிடுங்கள். ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாக அனுமதித்த எல்லைக்குள் இருந்து, ஒன்று மேல் எல்லையிலும் மற்றது கீழ் எல்லையிலும் நின்றால் திரை பச்சையே காட்டக்கூடும், வண்டியோ இழுக்கும். கோணம் தானாக மாறாது. ஏதோ ஒன்று வளைந்திருக்கும் அல்லது தேய்ந்திருக்கும். அந்தப் பாகத்தைக் கண்டுபிடித்து மாற்றிய பிறகு செய்யும் அலைன்மென்ட்தான் நிற்கும்.

கேள்வி: முன் டயர்கள் இரண்டும் உள்விளிம்பில் மட்டும் தேய்கின்றன. கேம்பரா, டோவா?
– வாசகி, ஈரோடு

பதில்: உள்ளங்கையே சொல்லிவிடும். வண்டியை நிறுத்தி, டயர் ஆறியதும், கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டயர் பட்டைகளின் குறுக்கே கையை வெளியிலிருந்து உள்ளே தடவுங்கள். பிறகு உள்ளிருந்து வெளியே. ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம்போல் சொரசொரப்பாகவும் இருந்தால் டோ. உள்ளே தடவும்போது கை இடறினால் டோ-அவுட். உள்விளிம்பைத் தின்பதும் அதுதான். இரு திசையிலும் வழுவழுப்பாக, விளிம்பு மட்டும் கரைந்திருந்தால் கேம்பர். ஸ்பிரிங் தொய்ந்து வண்டி தாழ்ந்துவிட்டதா என்று பாருங்கள்.

இரண்டில் டோதான் டயருக்குப் பெரிய எதிரி. ஒரு சக்கரம் அரை டிகிரி திரும்பியிருந்தால், அது பார்க்கும் திசைக்கும் போகும் திசைக்கும் கிலோமீட்டருக்கு எட்டரை மீட்டருக்கு மேல் விலகல். அந்த விலகல் முழுவதையும் ரப்பர்தான் தாங்குகிறது. டை ராட் எண்டில் ஆட்டம் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ஆடுகிற மூட்டை வைத்துக்கொண்டு டோ வைத்தால் அடுத்த வேகத்தடை வரைதான் தாங்கும்.

கேள்வி: ஸ்ட்ரட் மாற்றிய பிறகு, யூ டர்ன் முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேராவதில்லை. ஏன்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: சைக்கிளில் கையை விட்டாலும் முன்சக்கரம் நேராக நிற்க ஃபோர்க்கின் சாய்வும் ஒரு காரணம். காரில் அந்த வேலையைச் செய்வது கேஸ்டர். திரும்பும் அச்சை நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளி, டயர் தரையில் பதியும் இடத்துக்கு முன்னால் விழும். அதனால் டயர் பின்னால் இழுபட்டு நேராகிக்கொள்கிறது.

ஸ்ட்ரட் மாற்றியதால் கேஸ்டர் பெரிதாகக் குறைய வழியில்லை. எனக்குச் சந்தேகம் ஸ்ட்ரட் தலையிலுள்ள பேரிங்மேல்தான். ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்ப, நீங்கள் எட்ட நின்று முன் ஸ்பிரிங்கைப் பாருங்கள். விரலை உள்ளே விடாதீர்கள். ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு 'டங்' என்று துள்ளினால் பேரிங் சுழலாமல் பிடிக்கிறது. பழையதையே திரும்பப் போட்டிருக்கலாம், அல்லது சரியாக உட்கார்ந்திருக்காது.

கேள்வி: திரும்பும்போது இரண்டு முன்சக்கரங்களும் ஒரே அளவுதானே திரும்பும்?
– கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: இல்லை. உள்சக்கரம் சிறிய வட்டத்தில் ஓடுவதால் அதிகம் திரும்ப வேண்டும். வீல்பேஸ் 2.4 மீட்டர், முன்சக்கரங்களின் இடைவெளி 1.4 மீட்டர் என்று வையுங்கள். வெளிச்சக்கரம் 4.8 மீட்டர் ஆரத்தில் திரும்ப, கணக்குப்படி உள்சக்கரம் சுமார் 41 டிகிரி, வெளிச்சக்கரம் சுமார் 30 டிகிரி. இந்த ஏற்பாட்டைக் குதிரை வண்டிக்காகக் கண்டுபிடித்தவர் ம்யூனிக்கைச் சேர்ந்த லாங்கென்ஷ்பெர்கர். 1818இல் லண்டனில் அவருக்காகக் காப்புரிமை பதிந்தவர் ருடால்ஃப் ஆக்கர்மன். பெயர் அவருக்கே போய்விட்டது. இன்றைய கார்கள் இந்தக் கணக்கை அப்படியே பின்பற்றுவதில்லை. வேகத்தில் டயரின் வழுக்கலையும் சேர்த்துப் பார்த்து, கொஞ்சம் குறைத்தே வைக்கிறார்கள்.

கேள்வி: வேகத்தடையில் அடிவயிறு உரசுகிறது. ஸ்பிரிங்குக்கு ஸ்பேசர் வைத்து உயர்த்தி, அகலமான அலாய் வீல் போடலாமா?
– வாசகர், ஒசூர்

பதில்: உயர்த்தினால் லோயர் ஆர்மும் டை ராடும் தங்கள் கோணத்திலிருந்து இறங்கி நிற்கும். இரண்டும் மேலும் கீழும் போகையில் வரையும் வளைவுகள் ஒத்துப்போகும்படிதான் கம்பெனி அமைத்திருக்கிறது. அது பிசகினால், நீங்கள் ஸ்டியரிங்கைத் தொடாமலே, மேடு பள்ளத்தில் சக்கரம் தானாகத் திரும்பப் பார்க்கும்.

அலாய் வீலில் கவனிக்க வேண்டியது ஆஃப்செட், அதாவது சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி அமர்கிறது என்ற அளவு. சக்கரம் வெளியே தள்ளிப்போனால், திரும்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளி டயர் நடுவுக்கு உட்பக்கமாக விலகும். அப்போது ஒரு பக்கம் மணல், மறுபக்கம் தார் என்றிருக்கும் இடத்தில் பிரேக் அடித்தால் ஸ்டியரிங் கையைப் பிடுங்கும். இதைத் தடுக்கத்தான் 1972இல் வந்த ஆவ்டி 80இல் அந்தப் புள்ளியை டயர் நடுவுக்கு வெளிப்பக்கமாக வைத்தார்கள். பிரேக் இழுப்பைச் சக்கரமே எதிர்த்துத் திரும்பிச் சமாளித்தது. இன்றைய பல கார்களிலும் இந்த ஏற்பாடு உண்டு. தவறான ஆஃப்செட் அதைக் கெடுத்துவிடும்.

முதலில் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பரைச் சோதியுங்கள். தொய்ந்திருந்தால் கம்பெனி ஸ்பிரிங் மாற்றினாலே இழந்த உயரம் திரும்பிவிடும். அலாய் வாங்கினால் பழைய ரிம்மில் உள்ள ஆஃப்செட் எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.