ஏரியைப் பச்சையாக்கும் மணிச்சத்து

வயலுக்கு இடும் உரம் முழுவதும் பயிருக்குப் போய்ச் சேர்வதில்லை. ஒரு பகுதி மழை நீரில் கரைந்து வடிகால், ஓடை, ஆறு வழியாக ஏரியை அடைகிறது. அங்கு அது பயிரை வளர்க்காமல் பாசியை வளர்க்கிறது. இதனால் குளிப்பதற்கும், படகு விடுவதற்கும், மீன் பிடிப்பதற்கும், ஏன், குடிப்பதற்குமே ஏரி பயன்படாமல் போவது உண்டு. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையிலுள்ள ஈரி ஏரியில் நடந்தவை இதற்கு நல்ல சான்றாகும்.

ஈரி ஏரியின் கதை

வட அமெரிக்காவின் ஐந்து பெரிய நன்னீர் ஏரிகளில் ஈரி ஏரியே ஆழம் குறைந்தது. அதிலும் மேற்குப் பகுதி மிகவும் ஆழமற்றது. எனவே கோடையில் நீர் விரைவில் சூடாகிப் பாசி வளர ஏற்றதாகிறது. 1960-களில் நகரக் கழிவு நீரும் சலவைத் தூளிலிருந்த மணிச்சத்தும் சேர்ந்து இந்த ஏரியை மிகவும் கெடுத்தன. 1972-இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டு, கழிவு நீரைச் சுத்திகரித்தும், சலவைத் தூளில் மணிச்சத்தைக் குறைத்தும் ஏரியை மீட்டன.

ஆனால் 1990-களின் நடுவிலிருந்து பாசி மீண்டும் தோன்றியது. இம்முறை மணிச்சத்தின் பெரும்பகுதி மௌமீ ஆற்றுப் படுகையின் விளைநிலங்களிலிருந்து வந்தது. அங்கு மண் அரிப்பைத் தடுக்க உழவின்றிப் பயிர் செய்யும் முறை பரவியிருந்தது. முறை நல்லதே. ஆயினும் உரத்தை மண்ணுடன் கலக்காமல் மேலாகத் தூவியதால், மேல் மண்ணில் தங்கிய மணிச்சத்து மழையில் கரைந்து நிலத்தடி வடிகால் குழாய்கள் வழியாக வெளியேறியது. இழப்பு ஆண்டுக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அல்லது அதற்கும் குறைவுதான். இது தனி விவசாயியின் கணக்கில் தெரியாத அளவு. பல இலட்சம் ஏக்கரிலிருந்து ஒரே ஆற்றில் சேரும்போது அதுவே ஏரியைக் கெடுக்கப் போதுமானதாகிறது.

2014 ஆகஸ்டு 2-ஆம் நாள் டொலீடோ நகரில் 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் குழாய் நீரைக் குடிக்க வேண்டாம் என எச்சரிக்கப்பட்டனர். பாசியின் நச்சுப் பொருளான மைக்ரோசிஸ்டின் குடிநீரில் கலந்துவிட்டதே காரணம். இந்த நச்சு கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. நீர் சுண்டும்போது நச்சின் செறிவு கூடவே செய்யும்.

குளிப்போருக்கு என்ன கேடு?

மைக்ரோசிஸ்டின் கல்லீரலைத் தாக்கும். பாசி படர்ந்த நீரில் குளித்தால் தோல் அரிப்பு, கண் எரிச்சல் உண்டாகலாம். நீரை விழுங்கினால் வாந்தி, வயிற்றுப்போக்கு ஏற்படலாம். விளையாடும்போது நீரை விழுங்கும் குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். பாசி நீரைக் குடித்த நாய்களும் கால்நடைகளும் இறந்ததுண்டு. குடிநீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் (அதாவது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) என்பது உலக சுகாதார நிறுவனம் கூறும் வரம்பு. குளிக்கும் நீருக்கு 8 மைக்ரோகிராம் என 2019-இல் அமெரிக்க சுற்றுச்சூழல் துறை பரிந்துரைத்தது.

உயிர் உரப் பாசியும் இதுவும் ஒன்றா?

இந்த ஐயம் நெல் விவசாயிகளுக்கு எழுவது இயல்பு. இரண்டும் நீலப் பச்சைப் பாசி இனத்தைச் சேர்ந்தவையே. ஆனால் உயிர் உரமாக இடும் நாஸ்டாக், டோலிபோதிரிக்ஸ், ஆலோசைரா போன்றவை காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைப்படுத்துபவை. ஏரியில் மிதக்கும் மைக்ரோசிஸ்டிஸுக்கு அந்தத் திறன் இல்லை. நீரில் வந்து சேரும் தழை, மணிச்சத்துக்களை உண்டே பெருகுகிறது. ஆகவே உயிர் உரத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஏரியில் மிதக்கும் பாசியை அள்ளி வயலுக்கு இடுவதும் கூடாது.

கண்டறியும் முறை

பச்சையாகத் தெரியும் நீரில் ஒரு நீண்ட குச்சியை விட்டு எடுக்கவும். நூல் நூலாகத் தொங்கினால் அது சாதாரண இழைப் பாசி. பச்சைச் சாயத்தில் தோய்த்ததுபோல் குச்சியில் பூச்சு ஒட்டியிருந்தால் நீலப் பச்சைப் பாசி என ஐயுறலாம். நச்சு உண்டா என்பதை ஆய்வுக்கூடச் சோதனையே காட்டும். அதுவரை அந்த நீரில் குளிப்பதையும், கால்நடைகளை இறக்குவதையும் தவிர்க்க வேண்டும். காற்று பாசியைக் கரையோரம் ஒதுக்கும். ஆகவே படித்துறையும் மாடு நீர் குடிக்கும் இடமுமே அதிக ஆபத்தானவை.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. மண் பரிசோதனை செய்து, தேவையான அளவே மணிச்சத்து இட வேண்டும். மண்ணில் போதிய இருப்பு உள்ளபோது வழக்கத்துக்காக இடுவது வீண் செலவு.

2. மணிச்சத்தை அடியுரமாக இட்டு மண்ணுடன் நன்கு கலக்க வேண்டும்.

3. தழைச்சத்தைப் பிரித்து மேலுரமாக இட வேண்டும்.

4. கனமழை எதிர்பார்க்கும் நாளில் உரமிடக் கூடாது. ஒகையோ மாநிலம் ஈரி ஏரியின் மேற்குப் படுகைக்கு இதை 2015-இல் சட்டமாகவே கொண்டு வந்தது.

5. நெல் வயலில் உரமிட்டவுடன் நீரை வடிக்கக் கூடாது. வரப்பை உயர்த்தி நண்டு வளைகளை அடைக்க வேண்டும்.

6. எருக்குழியை வரத்துக் கால்வாய்க்கு அருகில் அமைக்கக் கூடாது. கால்வாய்க் கரையில் புல் வளர்த்தால், அடித்து வரும் மண்ணும் அதனுடன் வரும் மணிச்சத்தும் தடுக்கப்படும்.

ஈரி ஏரிக்கு வரும் மணிச்சத்தை 2008-ஆம் ஆண்டு அளவிலிருந்து 40 சதம் குறைக்க இரு நாடுகளும் 2016-இல் இலக்கு வகுத்தன. கெட்ட ஏரியைத் திருத்துவது இத்துணை நீண்ட வேலை. அது கெடாமல் காப்பதோ வயலிலேயே முடியக்கூடியது. நம் ஊர் ஏரிக்கு வந்து சேர்வதும் நம் வயல்களின் வடிநீரே. வயலில் உரத்தைக் காத்தால் பணமும் மிஞ்சும். பிள்ளைகள் நீந்தவும் ஆடுமாடுகள் குடிக்கவும் ஏற்ற நீரும் மிஞ்சும்.