ராச்டேல் பட்டணத்துச் சிறு மளிகைக்கடை

இங்கிலாந்தின் வடபாகத்தில், மாஞ்செஸ்டருக்கு அடுத்த ராச்டேல் பட்டணத்து டோட் சந்தில் பழைய மளிகைக்கடையொன்று உளது. 1931-ம் வருஷம் முதல் அது பொருட்காட்சிசாலையாக விளங்குகிறது. பீப்பாய்களின்மேல் பலகை பரப்பிய மேடையும் தராசுமே அங்குப் பிரதானம்.

1844-ம் வருஷம் டிசம்பர் 21-ந் தேதி இக்கடையைத் திறந்தவர்கள் நெசவாளர் முதலிய எளிய தொழிலாளிகள். வாரந்தோறும் சில பென்ஸ் வீதம் சேமித்து 28 பவுன் முதல் திரட்டினார்கள். வெண்ணெய், சர்க்கரை, கோதுமைமாவு, ஓட்ஸ்மாவு, சில மெழுகுவத்திகள்: ஆரம்பச் சரக்கு இவ்வளவே.

அக்காலத்து இங்கிலாந்தில் ரொட்டிமாவில் படிகாரம் கலப்பது சாதாரணம். கடைக்காரனிடம் கடன்பட்டவன் கலப்படத்தைக் கண்டும் வாய் திறவான். நிலுவை தீராமல் வேறு கடைக்கும் போகான். அறுவடையில் நெல் அளப்பதாகச் சொல்லிப் பற்றெழுதி வாங்கும் குடியானவர் இந்நிலையை நன்கறிவர். ஆகையால் ராச்டேலார் சுத்தமான சரக்கு, சரியான எடை என்பவற்றோடு ரொக்க விற்பனையையும் விதியாக்கினர். வறியோர்க்கு இது கடுமையான விதியே. எனினும் கடன் கொடுத்திருப்பின் 28 பவுன் சில வாரங்களிலேயே கரைந்திருக்கும்.

பங்குத்தொகைக்கு அளவான வட்டி மட்டும் உண்டு. எஞ்சிய லாபம், அவரவர் வாங்கிய சரக்கின் கிரயத்திற்கேற்ப அங்கத்தினர்க்கே திரும்பியது. பங்கு எத்தனையாயினும் ஒருவருக்கு ஒரு வோட்டே. ஆகவே தனவந்தர் ஒருவர் கடையைக் கைப்பற்ற வழியில்லை. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904-ம் வருஷம் தோன்றிய ஐக்கிய பண்டகசாலை இம்முறையைத் தழுவியதே.