கை, கவண் கயிறு மாதிரி இருக்கணும்: சாப்ட்பால் வீசும் தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

என் தங்கச்சி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். இந்த வருஷம்தான் பள்ளி சாப்ட்பால் டீமில் பிட்ச்சர் ஆகியிருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மதுரை ரேஸ்கோர்ஸ் பக்கம் எம்.ஜி.ஆர். ஸ்டேடியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பத்துப் பந்து வீசினாள். நாலு தரையில் குத்தியது, மூன்று தலைக்கு மேலே போனது, மற்றதெல்லாம் அங்குட்டு இங்குட்டு. முடித்ததும் தோளைப் பிடித்துக்கொண்டே, "இன்னும் பலமா வீசணுமாக்கா?" என்று கேட்டாள்.

அவள் வயதில் எனக்குக் கிடைத்த ஒரே பாடம் "பலமா வீசு" என்பதுதான். பலமாகவே வீசினேன். பிளஸ் டூ படிக்கும்போது தோளின் முன்பக்கத்தில் வலி வந்து, இரண்டு மாதம் தலை பின்னக்கூடக் கையைத் தூக்க முடியவில்லை. அம்மாதான் பின்னிவிட்டார். அதற்கப்புறம் அடிப்படையிலிருந்து திரும்பக் கற்றுக்கொண்டேன். அதைத்தான் இப்போது தங்கச்சிக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். திருமங்கலமோ மேலூரோ உசிலம்பட்டியோ, எந்த ஊர்ப் பள்ளி மைதானத்தில் நீ பந்தைக் கையில் எடுத்திருந்தாலும் இது உனக்கும்தான். வலது கைப் பழக்கத்துக்கு எழுதியிருக்கிறேன். இடது கைக்காரி என்றால் அப்படியே மாற்றிக்கொள்.

முதலில் இதைப் புரிந்துகொள்

நம் தாத்தாக்கள் கம்பங்காட்டில் பரண் மேல் நின்று கவண் சுற்றிக் கிளி விரட்டியதைக் கேள்விப்பட்டிருப்பாய். கவணில் கயிறு எந்த வேலையும் செய்வதில்லை. உடம்பு சுற்றுகிறது, கயிறு தளர்வாகக் கூடவே வருகிறது, விட வேண்டிய கணத்தில் விட்டால் கல் பறக்கிறது. கயிறு விறைப்பாக இருந்தால் அது வெறும் கம்பு.

சாப்ட்பாலில் கையை முழு வட்டமாகச் சுற்றிக் கீழிருந்து விடும் 'விண்ட்மில்' வீச்சும் இதேதான். வேகம் காலிலும் இடுப்பிலும் பிறக்கிறது. கை வெறும் கயிறு. இனி வருவதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைப் பழக்கமாக்கும் வழிகள்தான்.

1. பந்தை உள்ளங்கையில் புதைக்காதே

பந்தின் சுற்றளவு சுமார் 30 செ.மீ., எடை 180 கிராமிலிருந்து 200 கிராமுக்குள். பதின்வயதுக் கைக்குப் பெரிய பந்துதான். அதனால் கீழே விழுந்துவிடுமோ என்று பயந்து இறுக்கிப் பிடிப்போம். இறுக்கினால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும்.

விரல் நுனிச் சதை தையல் மேல் படட்டும். பந்துக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் ஒரு பென்சில் நுழையும் இடைவெளி இருக்கட்டும். இரண்டு விரல் எட்டவில்லை என்றால் மூன்று விரல் வைத்துப் பிடி, தப்பில்லை.

2. மணிக்கட்டுப் பயிற்சியோடு தொடங்கு

சுவரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நில். கையைச் சுற்றாதே. முன்கை இடுப்பை உரசியபடி, மணிக்கட்டைச் சொடுக்கிப் பந்தை விடு. தினமும் இருபது தடவை.

பந்தைச் சுற்றி மார்க்கரால் தடிமனாக ஒரு கோடு போட்டுக்கொள். கோடு நிமிர்ந்தபடி, வண்டிச் சக்கரம் முன்னால் உருள்வது போலச் சுற்றிக்கொண்டு போனால் விடுதல் சரி. கோடு தள்ளாடினால் கை திருகுகிறது. பக்கத்தில் பயிற்சியாளர் இல்லாத நாளிலும் அந்தக் கோடு உனக்கு உண்மையைச் சொல்லிவிடும். வீட்டுக்குள் பழக வேண்டுமானால் பந்தைப் பழைய சாக்ஸுக்குள் போட்டு முடிந்துகொண்டு, சாக்ஸின் வாயைப் பிடித்துச் சொடுக்கு. ஜன்னலுக்கு ஆபத்தில்லை.

3. கோலமாவில் ஒரு கோடு

அம்மா வாசலில் கோலம் போட்டு முடித்ததும் ஒரு பிடி கோலமாவு வாங்கிக்கொள். நீ நிற்கும் இடத்திலிருந்து இலக்கை நோக்கி நேராக ஒரு கோடு இழு. வலது காலால் தரையைத் தள்ளு, இடது கால் அந்தக் கோட்டின் மேல் போய் விழட்டும். வீசி முடித்ததும் தடத்தைப் பார். கோட்டைத் தாண்டிக் குறுக்கே விழுந்திருந்தால், இடுப்பு வழியை மறிக்கும், கை வளைந்து சுற்றிக்கொண்டு வரும். பந்து பக்கவாட்டில் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

எட்டு எவ்வளவு நீளம்? தேர்ந்த வீராங்கனைகள் கிட்டத்தட்டத் தங்கள் உயரத்தின் அளவுக்கே எட்டு வைக்கிறார்கள். நீ உன் உயரத்தில் முக்கால் பங்கில் தொடங்கு. விதிப்படி ஓர் எட்டுதான், அதுவும் பேட்டரை நோக்கித்தான். பிட்ச்சர் பலகையின் 61 செ.மீ. அகலத்துக்குள் அது விழ வேண்டும்.

4. கடிகாரத்தை நினைத்துக்கொள்

கை தொடைப் பக்கம் இருக்கும்போது மணி 6. முன்னால் தூக்கினால் 3. தலைக்கு மேலே 12. பின்பக்கமாக இறங்கும்போது 9. திரும்ப இடுப்புக்கு வந்தால் மறுபடி 6, அங்கேதான் விட வேண்டும்.

கை 12-க்கு வரும்போது மேல்கை காதை ஒட்டி இருக்கட்டும். உடம்பு பக்கவாட்டில் திரும்பி, நெஞ்சு மூன்றாம் பேஸ் பக்கம் பார்க்கட்டும். கை 12-க்கும் 9-க்கும் நடுவில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே இடது கால் தரையில் ஊன்றிவிட வேண்டும். கால் தாமதமானால் கை மட்டும் தனியாக உழைக்கும், தோள் வலிக்கும். என் தங்கச்சியிடம் இருந்த குறை இதுதான்.

பழகும் வழி: கோட்டின் மேல் பக்கவாட்டாகக் கால்களை அகட்டி நின்று, கையை 12-ல் வைத்துத் தொடங்கு. முழு வட்டம் வேண்டாம், கீழிறங்கும் பாதி மட்டும். ஒரு வாரம் இப்படி வீசிவிட்டு அப்புறம் முழுச் சுற்றுக்குப் போ. வட்டம் கோணாமல் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு சுவரை ஒட்டி நின்று பந்தில்லாமல் கையைப் பையச் சுற்றிப் பார். கை சுவரில் இடித்தால் வட்டம் வெளியே போகிறது.

5. முன்னங்கால்தான் பிரேக்

மாட்டுத்தாவணி போகிற டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது டிரைவர் சட்டென்று பிரேக் போட்டால் என்ன ஆகும்? பஸ் நிற்கும், நாம் முன்னால் பாய்வோம். உன் இடது காலும் அந்த பிரேக்தான். அது உறுதியாக ஊன்றி நின்றால், முன்னால் வந்த வேகம் முழுக்க இடுப்புக்கும் தோளுக்கும் கைக்கும் பந்துக்கும் ஏறும். முட்டி மடங்கித் தொய்ந்தால் வேகம் மண்ணுக்குள் போய்விடும்.

பாதம் லேசாக வலப்பக்கம் திரும்பி விழட்டும். முட்டி சற்றே வளைந்து, உறுதியாக நிற்கட்டும். இடுப்பிலிருந்து முன்னால் குனியாதே, முதுகு நிமிர்ந்திருக்கட்டும். பின்னங்கால் பெருவிரலை இழுத்துக்கொண்டே முன்னங்காலை நோக்கி வரும். அந்த இழுப்பில் ஷூ முனை வெரசா தேய்ந்து கிழியும். புது ஷூ வாங்கியதுமே, செருப்பு தைப்பவரிடம் கொடுத்து முனையில் ஒரு தோல் துண்டு வைத்துத் தைத்துக்கொள். பல மாதம் கூட உழைக்கும்.

6. விடும் இடம்

விடும்போது கை இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும், மணிக்கட்டு முழங்கையைவிட உடம்பிலிருந்து விலகிப் போகக்கூடாது. இது விதி. நல்ல வீச்சுக்கும் இதுதான் வழி. முன்கை இடுப்பை லேசாக உரசட்டும், அந்த உரசல்தான் "இப்போ விடு" என்று உனக்குச் சொல்லும் சைகை. விட்டபின் கையை வலுக்கட்டாயமாகத் தூக்காதே. தளர்வாக எங்கே போகிறதோ போகட்டும். க்ளவ் போட்ட கை முதலில் கேட்ச்சரைக் காட்டிவிட்டு, விலாப் பக்கம் அடக்கமாக இறங்கட்டும். தொடையில் அடித்துக்கொள்ளாதே.

7. தப்பைப் பந்தே சொல்லும்

தரையில் குத்துகிறதா? சீக்கிரம் விடுகிறாய், அல்லது குனிகிறாய்.
தலைக்கு மேலே போகிறதா? தாமதமாக விடுகிறாய்.
பக்கவாட்டில் போகிறதா? கோட்டில் கால்தடத்தைப் பார், அப்புறம் கை வட்டத்தைப் பார்.
எல்லாம் சரி, வேகம் மட்டும் இல்லையா? பிடி இறுகியிருக்கும். தோளைக் குலுக்கிவிட்டு, மூச்சை வெளியே விட்டபடி வீசு.

ஒரு நாளைக்கு ஒரு தப்பை மட்டும் எடுத்துக்கொள். கால், கை, இடுப்பு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நினைத்தால் உடம்பு குழம்பிவிடும்.

8. தூரத்தைப் பிறகு கூட்டு

பெண்கள் ஆட்டத்தில் பிட்ச்சர் பலகைக்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 13.11 மீட்டர். முதல் நாளே அங்கிருந்து வீச வேண்டியதில்லை. எட்டு ஒன்பது மீட்டரில் தொடங்கு. மொட்டை மாடிக் கொடியில் பழைய போர்வையைக் கட்டி, பேட்டரின் முட்டியிலிருந்து நெஞ்சு வரைக்குமான உயரத்தில் ஒரு கட்டம் வரைந்துகொள். பத்துக்கு ஏழு கட்டத்துக்குள் விழுந்தால் ஒரு மீட்டர் பின்னால் போ.

9. எண்ணி வீசு

"கீழிருந்துதானே வீசுற, தோளுக்கு ஒண்ணும் ஆகாது" என்று பலர் சொல்வார்கள். நம்பாதே. விண்ட்மில் வீச்சில் தோள் மூட்டில் விழும் இழுப்பு, பேஸ்பால்காரர்கள் மேலிருந்து எறியும்போது விழுவதற்குக் கிட்டத்தட்ட நிகரானது. தோளின் முன்பக்கத்துத் தசைநாண்தான் முதலில் முறையிடும்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுகிகோ உவேனோ இரண்டே நாளில் மூன்று ஆட்டங்களில் 413 பந்து வீசித் தங்கம் வாங்கிக் கொடுத்தார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், 39 வயதில், இறுதி ஆட்டத்தில் மறுபடியும் வீசி இன்னொரு தங்கம். அவருடைய 413-ஐ நகல் எடுக்காதே. 39 வயது வரைக்கும் தோளைக் காப்பாற்றி வைத்திருந்தாரே, அதைக் கற்றுக்கொள். அமெரிக்க விளையாட்டு மருத்துவ வழிகாட்டலில் 13, 14 வயதுக்கு ஓர் ஆட்டத்துக்கு 80 பந்து, 15-க்கு மேல் 100 பந்துதான் எல்லை. பயிற்சியில் 40, 50 போதும். தொடர்ந்து இரண்டு நாள் வீசினால் மூன்றாம் நாள் ஓய்வு.

வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடு. துணியில் சுற்றிய ஐஸ் பதினைந்து நிமிஷம். மூன்று நாளில் போகாவிட்டால் டாக்டரைப் பார். டீமுக்காகப் பொறுத்துக்கொள்ளாதே. யார் சொன்னாலும் சரி, என் பேரைச் சொல்லி மறுத்துவிடு.

10. மதுரை வெயிலுக்கு ஏற்ற மாதிரி

சித்திரை, வைகாசியில் காலை ஏழரைக்குள் முடித்துவிடு. பத்து நிமிஷம் ஓடி உடம்பு சூடானபின் பந்தைத் தொடு. கரிசல் மண் வெடித்துக் கிடக்கும் மைதானமென்றால் கால் ஊன்றும் இடத்தை முதலில் மண் போட்டு நிரப்பி மிதித்துவிடு, இல்லையென்றால் கணுக்கால் மடங்கும். உப்புப் போட்ட நீர்மோர் ஒரு பாட்டில் எப்போதும் கையில். முடிந்ததும் கேப்பைக்கூழும் முட்டையும், அல்லது சுண்டல். மாதவிடாய் நாளில் உடம்பு கேட்டால் ஓய்வெடு. மறைக்கவோ கூச்சப்படவோ எதுவுமில்லை.

கடைசியாக, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. தினமும் மூன்றே வரி: எத்தனை பந்து, எத்தனை கட்டத்துக்குள், தோள் எப்படி. என் தங்கச்சி போன வாரம் எழுதத் தொடங்கினாள். நேற்றைய பக்கத்தில் 30 பந்து, 16 கட்டத்துக்குள். மூன்றாவது வரியில் "வலிக்கலக்கா" என்று எனக்காகவே எழுதி வைத்திருக்கிறாள். அந்த 16 பைய ஏறும். மூன்றாவது வரி மட்டும் எந்நாளும் மாறக்கூடாது.